500 ரூபாய் நோட்டு நல்லதா, கள்ளதா? கல்லாவில் நின்றபடியே பார்க்கும் முறை

கள்ள நோட்டோ என்று சந்தேகம் வந்தவுடன் பெரும்பாலானவர்கள் பார்ப்பது படத்தைத்தான். காந்தி முகம் சரியாக இருக்கிறதா, பின்னால் செங்கோட்டை தெளிவாக விழுந்திருக்கிறதா, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். கள்ள நோட்டு அடிப்பவனுக்கு மிகச் சுலபமாகக் கைவருவதும் அந்தப் படம்தான். நல்ல ஸ்கேனரும் கலர் பிரிண்டரும் இருந்தால் படத்தையும் நிறத்தையும் ஏறக்குறைய அப்படியே இறக்கிவிடலாம். இறக்க முடியாதவை வேறு: தாளுக்கு உள்ளே இருப்பவை, தாளின் மேல் மேடாக நிற்பவை, தாளைச் சாய்த்தால் மாறுபவை. ஸ்கேனர் ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில், தட்டையாக ஒரு முறை பார்ப்பதோடு சரி. அதனால் நோட்டை வாங்குகிறவர் ஸ்கேனரால் முடியாத மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். நோட்டைச் சாய்க்க வேண்டும், வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும், விரலால் தடவ வேண்டும். பழகிய கைக்கு மூன்றும் சேர்ந்து சில விநாடி வேலை.

இங்கே 500 ரூபாய் நோட்டையே முதன்மையாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 2000 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக ரிசர்வ் வங்கி 2023 மே 19 அன்று அறிவித்த பிறகு, அன்றாடம் கைமாறும் நோட்டுகளில் பெரியது 500தான். கள்ள நோட்டுக்காரர்களின் குறியும் அதுவே. 2024-25 நிதியாண்டில் வங்கிகளில் பிடிபட்ட கள்ள நோட்டுகள் மொத்தம் 2 லட்சத்து 17 ஆயிரத்துக்கு மேல்; அவற்றில் 1 லட்சத்து 17 ஆயிரத்துக்கு மேற்பட்டவை 2016இல் வந்த புதிய வரிசை 500 ரூபாய் நோட்டுகள். முந்தைய ஆண்டைவிட 500 ரூபாயில் மட்டும் சுமார் 37 சதவீதம் கூடுதல். போலீசார் நேரடியாகப் பறிமுதல் செய்தவை இந்தக் கணக்கில் வராது.

தாளும் அச்சும்

நம் ரூபாய் நோட்டின் தாள் முழுக்கப் பருத்தி இழையால் ஆனது. நோட்டுப் புத்தகத் தாள்போல மரக்கூழ் கிடையாது. மத்தியப் பிரதேசத்தின் நர்மதாபுரத்திலும் மைசூரிலும் இந்தத் தாள் தயாராகிறது. நாசிக், தேவாஸ், மைசூர், மேற்கு வங்கத்தின் சால்போனி ஆகிய நான்கு ஊர்களிலுள்ள அச்சகங்கள் நோட்டு அடிக்கின்றன. வெளிச்சத்துக்குப் பிடித்தால் தெரியும் உருவமான நீர்க்குறியும், மேலிருந்து கீழாக ஓடும் பாதுகாப்பு இழையும் தாள் உருவாகும்போதே உள்ளே வைக்கப்பட்டுவிடும். அச்சகத்துக்கு வருவது ஏற்கெனவே நீர்க்குறி விழுந்த, இழை பதிந்த தாள்.

பின்னணியில் தெரியும் மெல்லிய வண்ணக் கோலங்களை ஆஃப்செட் என்னும் தட்டை அச்சு முறையில் அச்சிடுகிறார்கள். அதன் மேல் காந்தி உருவம், அசோகத் தூண் சின்னம் முதலியவை இன்டாக்ளியோ முறையில் ஏறுகின்றன. உலோகத் தகட்டில் கோடுகளைப் பள்ளமாக வெட்டி, அந்தப் பள்ளத்தில் கெட்டி மையை நிரப்பி, பெரும் அழுத்தத்தில் தாளை அதன் மீது அழுத்தி எடுப்பது இந்த முறை. பள்ளத்திலிருந்த மை தாளின் மேல் மேடாக ஏறி உறைந்துவிடும். விரலில் தட்டுப்படுவது இந்த மேடுதான். வரிசை எண்கள் தனியாக அடிக்கப்படுகின்றன.

முதலில் சாய்த்துப் பாருங்கள்

எல்லோரும் தடவிப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்கச் சொல்வார்கள். கடைக் கல்லாவுக்கு அது சரிவராது என்பது எங்கள் கருத்து. நோட்டு பழசாகப் பழசாக மேடு தேய்ந்துபோகும். சாய்த்தால் நிறம் மாறும் தன்மை மட்டும் அழுக்கு நோட்டிலும் தாக்குப்பிடிக்கும். பிரிண்டரால் அதைச் செய்யவும் முடியாது. எனவே சாய்ப்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

முன்பக்கத்தின் வலது கீழ்ப்புறம் ரூபாய்க் குறியுடன் 500 என்ற எண் அச்சாகியிருக்கும். நோட்டைத் தட்டையாகப் பிடித்தால் பச்சை. மெல்லச் சாய்த்தால் அதே எண் நீலமாக மாறும். பச்சை மங்குவதோ கறுப்பதோ இதில் சேராது; தெளிவாக வேறொரு நிறமாக, நீலமாக, ஆக வேண்டும். கள்ள நோட்டில் இந்த இடத்தில் பெரும்பாலும் மினுமினுப்புப் பச்சை மையைப் போட்டிருப்பார்கள். சாய்க்கும்போது அது பளபளக்கும், ஆனால் பச்சையாகவேதான் இருக்கும். பளபளப்பை நிற மாற்றம் என்று நினைத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

அடுத்தது இழை. காந்தி உருவத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாகத் தெரியும் பச்சைக் கோடு அது. சாய்த்தால் இதுவும் நீலமாகும். அதில் தேவநாகரியில் 'பாரத்' என்றும் ஆங்கிலத்தில் 'ஆர்பிஐ' என்றும் எழுத்துகள் இருக்கும். போலியில் பச்சை ஜிகினாத் தாளை நறுக்கி மேலே ஒட்டியிருப்பார்கள், அல்லது பச்சையாகக் கோடு அச்சிட்டிருப்பார்கள். ஒட்டியதாக இருந்தால் நகத்தால் ஓரத்தைச் சுரண்டும்போது மேலே எழும்பும். அசல் இழை தாளுக்குள் நுழைந்து வெளிவந்து ஓடுவதால் சுரண்டலுக்கு அசையாது.

முன்பக்கத்தின் இடப்பகுதியில் ஒரு மறைபிம்பமும் உண்டு. நேராகப் பார்த்தால் வெறும் கோடுகள். நோட்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி 45 டிகிரி கோணத்தில் பார்த்தால் 500 என்ற எண் தெரியும். இது கொஞ்சம் பழக வேண்டிய சோதனை. கூட்ட நேரத்துக்கு உதவாது. சந்தேகப்பட்டு எடுத்து வைத்த நோட்டை நிதானமாகப் பார்க்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

சாய்த்துப் பார்க்க விளக்கும் சரியாக அமைய வேண்டும். மேலே ஒரே இடத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் நிற மாற்றம் நன்றாகத் தெரியும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம். இரவில் பெட்ரோல் பங்குகளிலும் தள்ளுவண்டிக் கடைகளிலும் கள்ள நோட்டைத் தள்ளிவிடுவது சுலபமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் அந்தக் குறை தீரும்.

வெளிச்சத்துக்கு எதிரே

நோட்டின் முன்பக்கத்தில் வலப்புறம் இருக்கும் வெற்றிடத்தை டியூப்லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். காந்தி உருவமும் அதன் அருகே 500 என்ற எண்ணும் தெரியும். அசல் நீர்க்குறி என்பது தாளின் கனத்தில் உள்ள ஏற்ற இறக்கம். தாள் மெல்லிசாக இருக்கும் இடத்தில் வெளிச்சம் அதிகம் வரும், கனமான இடத்தில் குறையும். அதனால் கன்னம், நெற்றி, கண்ணாடி எல்லாம் வெளிச்சமும் நிழலுமாகப் படிப்படியாக மாறிக்கொண்டே போகும். எங்கேயும் கறாரான கோடு இருக்காது. பக்கத்திலுள்ள 500 மட்டும் இன்னும் பிரகாசமாக, தெளிவான விளிம்போடு நிற்கும்.

போலி நீர்க்குறி பொதுவாக இரண்டு விதம். ஒன்று, வெள்ளை மையாலோ மெழுகு, எண்ணெய் போன்ற பிசுக்காலோ மேலே அச்சிட்டது. இது வெளிச்சத்துக்குப் பிடிக்காமலேயே, மேசைமேல் கிடக்கும்போதே லேசாகத் தெரியும். அசல் அப்படித் தெரியாது. இன்னொன்று, இரண்டு மெல்லிய தாள்களை ஒட்டி, நடுவில் படத்தையும் இழையையும் வைத்தது. இது சாதாரணப் பார்வைக்கு நன்றாகவே ஏமாற்றும். ஆனால் ஓரம் காட்டிக்கொடுக்கும்: மூலையை இரு விரலுக்கிடையே வைத்து உருட்டினால் இரண்டாகப் பிரியும், மடித்தால் விறைப்பாக நிற்கும், இழையும் துண்டு துண்டாக வெளியே தெரியாமல் முழுக்க உள்ளேயே கிடக்கும்.

இழையை மறுபடி இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தபோது விட்டு விட்டுத் தெரிந்த கோடு, வெளிச்சத்துக்கு எதிரே நோட்டின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை ஒரே நேர்கோடாகத் தொடர வேண்டும். இடையில் அறுந்தால் அது இழையே இல்லை.

இடப்புறம் ஒரு சிறு 500 உண்டு. அதன் ஒரு பாதி முன்பக்கமும் மறு பாதி பின்பக்கமும் அச்சாகியிருக்கும். வெளிச்சத்தில் இரண்டும் சேர்ந்து முழு எண்ணாகப் பொருந்தும். போலியில் முன்பக்கத்தை ஒரு தடவையும் பின்பக்கத்தை இன்னொரு தடவையும் அடிப்பதால் இந்தப் பொருத்தம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

விரல் எங்கே தேட வேண்டும்

காந்தியின் தோள், உடைப் பகுதி, வலப்புறம் உள்ள அசோகத் தூண் சின்னம், அதன் அருகே உள்ள வட்ட அடையாளம் ஆகியவற்றில் மை மேடாக இருக்கும். இடது வலது ஓரங்களில் சாய்ந்த கோடுகள் ஐந்தைந்து உண்டு. பார்வையற்றோருக்காக வைக்கப்பட்டவை இவை. நகத்தை ஓரத்தின் மேல் குறுக்காக இழுத்தால் ஐந்தும் 'கிறுக்' என்று தட்டுப்படும். 200 ரூபாயில் நான்கு கோடுகளும் இடையில் இரண்டு வட்டங்களும், 100 ரூபாயில் நான்கு கோடுகளும் இருக்கும்.

பல கைகள் மாறிய நோட்டில் மேடு மழுங்கியிருக்கும் என்பதால், மேடு இல்லை என்பதை மட்டும் வைத்து நோட்டைக் கள்ளம் என்று சொல்லிவிடக் கூடாது. மேடு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நல்லது என்றும் ஏற்கக் கூடாது. அச்சிட்ட பிறகு அழுத்தி மேடாக்கிய போலிகள் உண்டு. தடவல் மற்ற இரண்டுக்கும் துணைச் சாட்சி, அவ்வளவுதான்.

பூதக்கண்ணாடி கிடைத்தால்

நகைக்கடையில் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். காந்தி முகத்தின் கோடுகளை அதில் பாருங்கள். அசலில் ஒவ்வொரு கோடும் ஒரே மையில், அறுபடாமல், கூர்மையாக ஓடும். இன்க்ஜெட் போலியில் கோடு என்பது நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளின் கூட்டமாகச் சிதறித் தெரியும். லேசர் பிரிண்டராக இருந்தால் கோட்டின் ஓரத்தில் தூள் தெறித்தது போன்ற கறுப்புத் துகள்கள் இருக்கும். காந்தி உருவத்தை ஒட்டி 'பாரத்', 'இந்தியா' என்ற நுண்ணெழுத்துகள் உண்டு. போலியில் அவை வெறும் அழுக்குக் கோடாகிவிடும்.

தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு லென்ஸ் இல்லாமலே ஒரு வசதி இருக்கிறது. பின்பக்கத்தில் 15 மொழிகளில் தொகை எழுதிய பட்டியலில் 13ஆவது வரி, அதாவது கீழிருந்து மூன்றாவது வரி, தமிழ். 'ஐந்நூறு ரூபாய்' என்ற அந்த வரியில் 'ஐ'யின் சுழியும் 'நூ'வின் வாலும் அடைபடாமல் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். ஸ்கேன் செய்து அடித்த நோட்டில் இந்தச் சுழிகள்தான் முதலில் மையில் மூழ்கும்.

எழுத்துப் பிழையையும் தேடலாம். 2025இல் மத்திய உள்துறை எச்சரித்த 500 ரூபாய் போலிகள் மற்றபடி நன்றாக அச்சானவை. ஆனால் 'ரிசர்வ்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் 'இ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ' என்ற எழுத்து விழுந்திருந்தது. 'சில்ட்ரன் பேங்க்' என்று அச்சிட்ட விளையாட்டு நோட்டுகளும் கட்டுக்கு நடுவில் செருகப்பட்டு வருவதுண்டு. கட்டாக வாங்கும்போது மேல் நோட்டையும் கீழ் நோட்டையும் மட்டும் பார்ப்பது போதாது.

எண்களிலும் விஷயம் இருக்கிறது. வரிசை எண்ணின் முதல் மூன்று எழுத்து-எண்கள் ஒரே அளவிலும், அடுத்து வரும் ஆறு இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டேயும் போகும். இந்த வளர்ச்சி சீராக இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். கள்ள நோட்டுக்காரர்கள் ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கில் அடிப்பதால், ஒரே ஆள் கொடுத்த நோட்டுகளின் எண்களை ஒப்பிடுவது மிகப் பயனுள்ள பழக்கம். அசலிலும் ஒரே எண் வரலாம்; ஆனால் அப்போது எண் கட்டத்துக்குள் தனியாக அச்சாகும் ஆங்கில எழுத்தோ (உள்ளெழுத்து) அச்சான ஆண்டோ ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்தோ மாறியிருக்கும்.

ஆண்டையும் கையெழுத்தையும் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. அச்சான ஆண்டு பின்பக்கத்தின் இடப்புறம் இருக்கும். இந்த 500 வெளிவந்த 2016 நவம்பரில் ஆளுநர் உர்ஜித் படேல். சக்திகாந்த தாஸ் பொறுப்பேற்றது 2018 டிசம்பரில். சஞ்சய் மல்ஹோத்ரா 2024 டிசம்பரில். 2016 என்று போட்டிருக்கும் நோட்டில் தாஸின் கையெழுத்து இருந்தால் அதற்கு மேல் சோதிக்க ஒன்றும் இல்லை.

நீல விளக்கும் எண்ணும் மெஷினும்

கடைகளில் வைத்திருக்கும் யூவி (புற ஊதா) விளக்கில் அசல் தாள் மங்கலாகவே இருக்கும். சாதாரண வெள்ளைத் தாள் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிரும்; வெண்மை கூட்ட அதில் சேர்க்கும் ரசாயனமே காரணம். அசலில் வரிசை எண்களும், தாளில் அங்கங்கே சிதறிய நுண் இழைகளும் ஒளிரும். இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: சட்டைப் பையில் இருந்து சோப்புத் தூளில் துவைபட்ட நல்ல நோட்டும் யூவி விளக்கில் பளீரென்று ஒளிரும். துணிக்கு வெண்மை தரும் அதே பொருள் நோட்டிலும் ஒட்டிக்கொள்கிறது. அந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் சாய்த்தும் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்துவிடுங்கள்.

எண்ணும் மெஷின் 'பீப்' அடித்தாலும் அப்படித்தான். டேப் ஒட்டியது, எண்ணெய் பட்டது, சென்சாரில் தூசி படிந்தது என்று பல காரணங்களால் நல்ல நோட்டையும் அது தள்ளும். நோட்டைத் திருப்பி வைத்து இன்னொரு முறை விடுங்கள். மீண்டும் தள்ளினால் கையால் சோதியுங்கள். ரிசர்வ் வங்கியின் 'மணி' என்ற செல்போன் செயலியையும் இதற்கு நம்பக் கூடாது. 2020 ஜனவரி 1 முதல் இருக்கும் அந்தச் செயலி, பார்வையற்றோருக்கு நோட்டு எத்தனை ரூபாய் என்று சொல்லும். அசலா கள்ளமா என்று சொல்லாது.

நல்ல நோட்டைக் கள்ளமாக்கும் வதந்திகள்

வாட்ஸ்அப் செய்தியை நம்பி நல்ல நோட்டை வாங்க மறுப்பதும் நஷ்டம்தான். பச்சை இழை ஆளுநர் கையெழுத்தின் பக்கம் இல்லாமல் காந்தி பக்கம் இருந்தால் கள்ள நோட்டு என்ற செய்தி பொய். இரண்டு வகையும் செல்லும். எண்ணில் நட்சத்திரக் குறி இருப்பதும் கள்ளம் ஆகாது. அச்சில் பழுதான தாளுக்குப் பதிலாக வைக்கப்படும் நோட்டு அது. இந்த வதந்தி பரவியபோது 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கியே விளக்கம் கொடுத்தது. துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறது என்பதும் சோதனையாகாது. புது நோட்டின் மை கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும் என்பதை, 2016 நவம்பரில் பொருளாதார விவகாரச் செயலராக இருந்த சக்திகாந்த தாஸ் விளக்கியிருக்கிறார்.

ஒரு நோட்டின் அடையாளத்தை இன்னொன்றில் தேடினாலும் குழப்பம் வரும். நிறம் மாறும் எண் 500, 200 ரூபாய்களில் உண்டு. ஊதா நிற 100இல் எண் மாறாது, இழை மட்டும் மாறும். 50 ரூபாயில் இழையும் நிறம் மாறாது. அளவும் வேறு: 500 என்பது 150க்கு 66 மில்லிமீட்டர், 200 என்பது 146க்கு 66, புதிய 100 என்பது 142க்கு 66. பழைய வரிசை 100 ரூபாய் நோட்டு 157க்கு 73 என்று பெரிதாக இருக்கும், அதுவும் செல்லும். கல்லாப்பெட்டியில் ஒவ்வொரு மதிப்பிலும் வங்கியில் வாங்கிய ஒரு நோட்டைத் தனியாக வைத்திருந்து, சந்தேக நோட்டை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் மிக உறுதியான வழி.

கையில் சிக்கிவிட்டால்

வாங்கும் நேரத்திலேயே தெரிந்தால், "இது வேண்டாம், வேற நோட்டு கொடுங்க" என்று சொல்லி வாங்காமல் விடுவது எளிது. கொடுப்பவரும் ஏமாந்தவராகவே இருக்கலாம், சண்டை வேண்டியதில்லை. பிறகு தெரியவந்தால் அதை இன்னொருவரிடம் தள்ளிவிட நினைப்பதுதான் ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 179ஆவது பிரிவின்படி, கள்ள நோட்டு என்று தெரிந்தே அதை நல்ல நோட்டாகச் செலுத்தினால் ஆயுள் தண்டனையோ 10 ஆண்டுவரை சிறையோ கிடைக்கலாம். தெரிந்தே, மாற்றும் எண்ணத்தோடு வைத்திருந்தால் 180ஆவது பிரிவில் 7 ஆண்டுவரை. தெரியாமல் வாங்கி ஏமாந்தவர் இதில் வரமாட்டார். நியாயமான வழியில் கைக்கு வந்தது என்று நிரூபிப்பவரையும் சட்டம் தண்டிப்பதில்லை.

வங்கியில் கொடுத்தால் காசாளர் அதன் மேல் 'கள்ள நோட்டு' என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தி வைத்துக்கொள்வார். நோட்டும் திரும்பி வராது, பணமும் வரவாகாது. அந்த 500 ரூபாய் போனதுதான். ஆனால் வரிசை எண் போட்ட ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டியது வங்கியின் கடமை. நீங்கள் அதில் கையெழுத்துப் போட மறுத்தாலும் சீட்டு கொடுத்தாக வேண்டும். முத்திரை குத்தாமல் நோட்டைத் திருப்பித் தருவது வங்கி ஊழியர் செய்யக் கூடாத காரியம். ஒரே தடவையில் 4 நோட்டுகள்வரை சிக்கினால் வங்கி மாதக் கடைசியில் மொத்தமாகப் போலீசுக்குத் தெரிவிக்கும். 5 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே புகார் போகும், விசாரணையும் வரும். அதனால் மொத்த வியாபாரிகள் வசூல் பணத்தை வங்கிக்கு அனுப்பும் முன்பே, யார் கொடுத்த கட்டு எது என்று குறித்து வைப்பது நல்லது. விசாரணையில் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஏடிஎம்மில் வந்த நோட்டு என்றால் வெளியே வருவதற்குள் பார்த்துவிட வேண்டும். 100 ரூபாயும் அதற்கு மேற்பட்ட நோட்டுகளும் மெஷினில் சோதித்த பிறகே மீண்டும் புழக்கத்துக்குப் போக வேண்டும், ஏடிஎம் வழியாகக் கள்ள நோட்டு வந்தால் அதை அந்த வங்கியே புழக்கத்தில் விட முயன்றதாகக் கொள்ளப்படும் என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. நோட்டின் இரு பக்கத்தையும் எண் தெரியும்படி அங்குள்ள கேமராவுக்கு நேரே காட்டுங்கள், ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள், காவலாளி இருந்தால் அவரிடம் உள்ள பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஏடிஎம் எண், நேரம், நோட்டின் எண் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு அன்றே வங்கியில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.